இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இரட்டிப்பு வேகமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தம்பி தருமபுரியில் காலேஜ் படிக்கிறான். லீவு நாட்களில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறான், மற்ற நேரமெல்லாம் கேம்தான். அவனுக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஒரு லட்சம் வரை போகலாம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தெரிந்தவர் ஒருவர் பழைய எம்எஸ்ஐ ஜிடி80 டைட்டன் ஒன்றைக் காட்டினார். ஜிடிஎக்ஸ் 980எம் கார்டு இரண்டு இருக்கிறதாம். “எட்டும் எட்டும் பதினாறு ஜிபி, இப்ப வர்ற புது லேப்டாப்லகூட இது கிடையாது” என்கிறார். விலை 55,000. தருமபுரி கடையில் ஆர்டிஎக்ஸ் 4050 போட்ட புது லேப்டாப் பார்த்தோம். அவர்களும் “இன்டெல் ஒண்ணு, என்வீடியா ஒண்ணு, இதுவும் டூயல் கிராஃபிக்ஸ்தான்” என்கிறார்கள். தம்பியின் நண்பனிடம் அதே மாதிரி லேப்டாப் இருக்கிறது. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஜிபியு 1 முட்டி நிற்கிறது, ஜிபியு 0 சும்மா கிடக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்து ஓடவைக்க வழி உண்டா? இரண்டு கார்டு உள்ள லேப்டாப்புக்குப் பணம் போடலாமா?

— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: அந்த ஜிடி80-ஐ வாங்க வேண்டாம். 55,000 ரூபாய்க்கு மட்டுமல்ல, அதில் பாதிக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தருமபுரி கடையில் ‘டூயல் கிராஃபிக்ஸ்’ என்று சொல்வது முற்றிலும் வேறு சங்கதி. பெயர்தான் ஒன்று. அந்த ஏற்பாடு இன்றைக்கு விற்கும் ஏறக்குறைய எல்லா கேமிங் லேப்டாப்பிலும் இருக்கிறது, அதற்கென்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

முதலில் பெங்களூரு விஷயம். ஒரே மாதிரி இரண்டு கார்டுகளைப் பூட்டி ஒரே கேமை ஓட்டுவதை 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி தன் வூடூ2 கார்டில் கொண்டுவந்தது. திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு கார்டும் பிரித்துக்கொண்டு வரைந்தன. பிறகு அந்தக் கம்பெனியின் சொத்துகள் என்வீடியா கைக்குப் போயின. 2004-இல் என்வீடியா எஸ்எல்ஐ என்ற அதே பெயரில் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. இதில் முதல் ஃப்ரேமை ஒரு கார்டு, அடுத்த ஃப்ரேமை மற்றது, மூன்றாவதை மறுபடி முதல் கார்டு என்று மாறிமாறி வரையும். உங்களுக்குக் காட்டிய ஜிடி80 இந்த வகைதான். 2015-இல் வந்தபோது 18.4 அங்குலத் திரையும் மெக்கானிக்கல் கீபோர்டுமாக அது ஒரு பிரமாண்டமான இயந்திரம். அன்றைக்கு அதைப் பார்த்து ஆசைப்படாத கேமர் இருக்க முடியாது. நீங்கள் மயங்கியதில் தப்பே இல்லை.

ஆனால் “எட்டும் எட்டும் பதினாறு” என்ற கணக்கு தவறு. இரண்டு கார்டும் ஒரே காட்சியைத்தான் வரைகின்றன என்பதால், அந்தக் காட்சிக்கு வேண்டிய படங்கள், வடிவங்கள் எல்லாம் இரண்டு கார்டின் மெமரியிலும் முழுசாக இருந்தாக வேண்டும். ஒரே பாடப்புத்தகத்தில் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்ட இரண்டு மாணவர்களிடம் இருப்பது ஒரே பாடம்தானே, அதுபோல. கேமுக்குக் கிடைப்பது எட்டு ஜிபிதான். அந்த எட்டு ஜிபி இன்றைக்குச் சாதாரண ஆர்டிஎக்ஸ் 4060, 5050 லேப்டாப்களிலேயே வருகிறது, இன்னும் வேகமான மெமரியாக.

வேகம் இரட்டிப்பாகும் என்பதும் அதேபோலத்தான். ஃப்ரேம் கவுன்டரில் நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டினால் ஒரு ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. ஒரே சிப் நிதானமாக ஓட்டும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் கிட்டத்தட்ட இதே இடைவெளியில் வந்து விழும், கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு கார்டு மாறிமாறி வரையும்போது ஒரு ஃப்ரேம் 8 மில்லி நொடியில் வந்துவிட்டு, அடுத்தது 25 மில்லி நொடி கழித்து வரலாம். சராசரி போட்டால் 60 ஃப்ரேம்தான். ஆனால் கண் சராசரியைப் பார்ப்பதில்லை, அந்த 25-ஐத்தான் பார்க்கிறது. 40 ஃப்ரேமில் ஓடும் கேம் போலத் தட்டுத்தட்டாகத் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்று இதைச் சொல்வார்கள். எஸ்எல்ஐ இருந்த காலம் முழுக்க இந்தக் குறை அதை விட்டுப் போகவே இல்லை. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி சுடும் கேம்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு கார்டுக்கும் வேலை கொடுக்க ஃப்ரேம்களை முன்கூட்டியே வரிசையில் நிறுத்த வேண்டியிருப்பதால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் நடுவில் தாமதம் கூடும்.

இந்த முறை செத்துப்போனதற்கு முக்கியக் காரணம் கேம்கள் வரையும் விதமே மாறிவிட்டதுதான். இப்போதைய கேம்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் முந்தைய ஃப்ரேமிலிருந்து தகவல் எடுத்துத்தான் முடிக்கின்றன. ஓரங்களை வழுவழுப்பாக்குவது, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது, வெளிச்சச் சிதறலைக் கணக்கிடுவது, எல்லாவற்றுக்கும் முந்தைய படம் வேண்டும். மாறிமாறி வரையும் முறையில் அந்த முந்தைய படம் பக்கத்துக் கார்டில் கிடக்கிறது. அதை இழுத்துவரும்வரை இந்தக் கார்டு காத்து நிற்க வேண்டும். இரண்டாவது கார்டால் மிச்சமான நேரமெல்லாம் இந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.

என்வீடியாவே இதைக் கைகழுவிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று 2020 செப்டம்பரிலேயே அறிவித்தது. புரொஃபைல் இல்லாத கேமில் இரண்டாவது கார்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் டெஸ்க்டாப் 3090 வகைக்கு மட்டும் இரண்டு கார்டை இணைக்கும் வசதி இருந்தது, 2022-இல் வந்த 4090-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஏஎம்டியின் இரட்டைக் கார்டு முறையான கிராஸ்ஃபயரும் இதே பாதையில்தான் மறைந்தது. 2015-இல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5-இல் இரண்டு கார்டு ஓரளவு வேலை செய்தது உண்மை. சைபர்பங்க் 2077-இல் ஒரு கார்டுதான் ஓடும்.

இரட்டைக் கார்டு லேப்டாப்களின் உச்சம் எது என்று தம்பி கேட்பான். ஏசர் பிரிடேட்டர் 21 எக்ஸ். வளைந்த 21 அங்குலத் திரை, ஜிடிஎக்ஸ் 1080 இரண்டு, எட்டரைக் கிலோ எடை, இரண்டு பவர் அடாப்டர். 2017 கடைசியில் இந்தியாவில் 6,99,999 ரூபாய்க்கு வந்தது. இன்றைக்கு அதன் நிலைமை என்ன? அதன் ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கான கடைசி கேம் டிரைவரையும் என்வீடியா அதே மாதத்தில் கொடுத்து முடித்துவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஏழு லட்ச ரூபாய் இயந்திரத்துக்கே இந்த கதி. உங்களுக்குக் காட்டிய ஜிடி80 அதைவிட இரண்டு வருஷம் பழையது.

இன்னொன்றும் உண்டு. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேம்கள் ரே டிரேசிங் உள்ள சிப் இல்லாமல் ஓடவே ஓடாது. 980எம்-இல் அது கிடையாது. இரண்டென்ன, நான்கு சேர்த்தாலும் அந்த கேம் திறக்காது. 4050 எனும் ஒற்றைச் சிப்பில் திறக்கும்.

பழைய இரட்டைக் கார்டு லேப்டாப் ஒன்று ரிப்பேருக்கு என் மேஜைக்கு வந்தது. அடி மூடியைக் கழற்றினால் இரண்டு கார்டும் பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் பாதி அளவுக்கு. மேலே செம்புக் குழாய்கள் பின்னிக்கிடந்தன. மெமரி சிப்புகளின் மேல் ஒட்டியிருந்த தெர்மல் பேட் சூட்டில் காய்ந்து, நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு கார்டு நன்றாக இருந்தது, மற்றது செத்துவிட்டது. மாற்றுக் கார்டு தேடினால் விலையும் உத்தரவாதமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. கடைசியில் ஒரு கார்டைக் கழற்றிவைத்துவிட்டு ஒற்றைக் கார்டோடு ஓட்டும்படி கொடுத்தேன். அந்தப் பையன் திரும்ப வந்து, இப்போதுதான் கேம் தட்டாமல் ஓடுகிறது என்றான்.

980எம் ஒவ்வொன்றும் சுமார் நூறு வாட் இழுக்கும். பென்னாகரத்தில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் அந்த இரண்டையும் ஓட்டினால் லேப்டாப்பும் தாங்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் தாங்கமாட்டார். கரன்ட் போனால் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கல்யாண வீடியோ பாதி எக்ஸ்போர்ட் ஆகும்போது அணைந்தால் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி, தருமபுரி கடை லேப்டாப். இதில் ஜிபியு 0 என்பது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ், ஜிபியு 1 என்பது என்வீடியா சிப். 2010-இல் என்வீடியா ஆப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. நோக்கம் பேட்டரியை மிச்சப்படுத்துவது. யூடியூப் பார்க்கும்போதும் வேர்டில் டைப் அடிக்கும்போதும் இன்டெல் மட்டும் வேலை செய்யும், என்வீடியா தூங்கும். கேமைத் திறந்தால் என்வீடியா எழுந்து ஃப்ரேமை வரையும். வரைந்ததை இன்டெல்லிடம் கொடுக்க, இன்டெல் அதைத் திரைக்கு அனுப்பும். ஆகவே நண்பனின் லேப்டாப்பில் ஜிபியு 0 வீணாகக் கிடக்கவில்லை. திரைக்குப் படம் போவதே அதன் வழியாகத்தான், அந்த வேலை லேசானது என்பதால் எண் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்து கேமை வரையவைக்க முடியுமா என்றால், உபயோகமான வகையில் முடியாது. முயற்சி செய்து பார்க்காமலில்லை. ஏஎம்டி 2011 வாக்கில் தன் ஏ வரிசை ப்ராசஸர்களில் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸையும் வெளியே இருக்கும் ரேடியான் சிப்பையும் பூட்டி ‘டூயல் கிராஃபிக்ஸ்’ என்றே விற்றது. கடைக்காரர்கள் வாயில் அந்தச் சொல் இன்னமும் புழங்குகிறது. இரண்டும் ஏறக்குறைய சம வேகத்தில் இருந்த அந்தச் சிப்புகளிலேயே தட்டல் போகவில்லை. இன்டெல்லுக்கும் 4050-க்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம். பிறகு 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, வேறு வேறு கம்பெனிச் சிப்புகளைக்கூட இணைக்க வழி வைத்தது. ஆனால் அந்த வேலையை ஒவ்வொரு கேம் கம்பெனியும் தானே எழுதிச் செய்ய வேண்டும். ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான் செய்தன. இப்போது லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற சின்ன மென்பொருளை வைத்து, நடுநடுவே சேர்க்கும் போலி ஃப்ரேம்களை மட்டும் இரண்டாவது சிப்பில் உருவாக்கிக்கொள்கிறார்கள். டெஸ்க்டாப்பில் அது ரசிக்கக்கூடிய பரிசோதனை. லேப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸ் சூடேறினால் அதே உறைக்குள் இருக்கும் ப்ராசஸரும் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குவதுதான்.

அந்த இரண்டு சிப்பும் நிஜமாகவே தோளோடு தோள் நிற்கும் ஓர் இடம் உண்டு, அது தம்பியின் எடிட்டிங் வேலையில். இப்போதைய சோனி கேமராக்களில் பலரும் 10 பிட் 4:2:2 வகையில் ஷூட் செய்கிறார்கள். அது எச்.265-ஆக இருந்தால் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை உள்ள என்வீடியா சிப்புகளால் அந்தக் கோப்பை நேரடியாகப் பிரித்துப் படிக்க முடியாது. பதினோராம் தலைமுறை முதற்கொண்டு உள்ள இன்டெல் கிராஃபிக்ஸால் முடியும். பிரீமியர் புரோவில் டைம்லைனில் கோப்பை ஓட்டும்போது பிரித்துப் படிப்பதை இன்டெல் பார்த்துக்கொள்ள, கலர் கரெக்‌ஷனையும் எஃபெக்ட்டையும் என்வீடியா பார்த்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 4:2:2 என்வீடியாவுக்கே வந்துவிட்டது. ஆகவே தம்பியிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கிளிப் எந்த கேமராவிலிருந்து, எந்த வகையில் வருகிறது? 40 வரிசை லேப்டாப் வாங்குவதானால், இந்த வேலைக்கு இன்டெல் ப்ராசஸர் உள்ளதாகப் பார்ப்பது நல்லது.

இரட்டையாக இருந்தால் உண்மையில் பலன் தருவது ரேம்தான். இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. 16 ஜிபி என்று போட்டிருக்கும், உள்ளே ஒரே ஸ்டிக்காக இருக்கும். ஒரு ஸ்டிக் என்றால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பாதி அகலப் பாதை. இரண்டு ஸ்டிக் போட்டால் அந்தப் பாதை இரட்டிப்பாகும், கேமில் திடீர் திடீரென்று விழும் ஃப்ரேம்கள் குறையும், இன்டெல் கிராஃபிக்ஸும் ரேமையே மெமரியாகப் பயன்படுத்துவதால் அதுவும் சுறுசுறுப்பாகும். இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். டிடிஆர்5 ரேமில் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு 32 பிட் துணைப் பாதைகள் இருப்பதால், சில மென்பொருள்கள் ஒற்றை ஸ்டிக்கையே இரண்டு சேனல் என்று காட்டும். அதை நம்பாமல் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டில் ஒன்று என்றிருந்தால் மற்றொன்றை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ரேம் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில், இரண்டு ஸ்டிக்கோடு வரும் மாடல் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதையே எடுப்பேன்.

அடுத்தது வாட். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் வரும் சிப்புக்கு லேப்டாப் கம்பெனி 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். பெட்டியின் மேல் 4050 என்று மட்டும்தான் இருக்கும். ஒல்லியாக, அழகாக இருக்கும் லேப்டாப்பில் குறைந்த வாட் 4050 ஓடும். கனமான, பின்னால் பெரிய காற்றுத் துளை உள்ளதில் முழு வாட் 4050 ஓடும். இரண்டுக்கும் கேமில் உள்ள வித்தியாசம், ஒரு மாடல் மேலே போனதற்குச் சமமாகக்கூட இருக்கும். இரண்டாவது கார்டுக்கு என்று மனதில் ஒதுக்கிய பணத்தை இங்கே போடுங்கள். ஒரு லட்சம் வரை இழுக்க முடியும் என்றால் ஆறு ஜிபி மெமரி உள்ள 4050-ஐ விட, எட்டு ஜிபி உள்ள 4060 அல்லது 5050 பொருத்தமானது. எடிட்டிங்குக்கும் அந்த இரண்டு ஜிபி வேண்டியிருக்கும்.

மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேம் ஓடும்போது இன்டெல்லைச் சுற்றிக்கொண்டு போகாமல் என்வீடியாவை நேரே திரையோடு இணைக்கும் வசதி அது. அதிக ஃப்ரேமில் ஓடும் வேலோரன்ட் மாதிரி கேம்களில் பலன் தெரியும். லேப்டாப்பின் சொந்த மென்பொருளில் ‘டிஸ்கிரீட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். விளையாடும்போது அதைப் போட்டுவிட்டு, காலேஜுக்கு எடுத்துப்போகும் நாளில் பேட்டரி நிற்க வேண்டும் என்றால் ‘ஹைப்ரிட்’டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு சிலர் போன் செய்து, கேம் மந்தமாக ஓடுகிறது, என்வீடியா வேலை செய்யவில்லை என்பார்கள். பெரும்பாலும் விண்டோஸ் அந்த மென்பொருளை இன்டெல்லில் ஓட்டிக்கொண்டிருக்கும். மொபைல் கேம் ஓட்டும் எமுலேட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் என்று போய், அந்த மென்பொருளைத் தேர்ந்து ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ என்று வைத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, சார்ஜரைக் கழற்றிவிட்டு விளையாடினால் எந்த கேமிங் லேப்டாப்பும் முழு வேகம் தராது. பேட்டரியால் அவ்வளவு கரன்ட்டை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால் சிப்பே தன்னைக் குறைத்துக்கொள்ளும். மின்தடையின்போது வேகம் விழுந்தால் பயப்பட வேண்டாம்.

கடைக்குத் தம்பியையும் கூட்டிப்போங்கள். டெமோ லேப்டாப்பில் என்வீடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தச் சொல்லுங்கள். அங்கே ‘மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்ற வரிக்கு எதிரே வாட் கணக்கு இருக்கும். 4050-க்கு அது 80-க்குக் கீழே இருந்தால், அதே விலையில் வேறு கம்பெனி மாடல் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.